மெய்நிகர் கருவி வழியே அம்மாவுக்குக் காவிரியைக் காட்டலாமா?

காவிரிக்கரை மகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 68 வயது. சினைப்பைப் புற்றுநோய் வயிறு முழுவதும் பரவிவிட்டது. இனிக் குணப்படுத்தும் சிகிச்சைக்கு வழியில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டதால், ஏப்ரல் முதல் அம்பத்தூரில் எங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். வலியையும் அவதியையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியர் வாரம் ஒருமுறை வருகிறார். மார்ஃபின் மாத்திரையால் வலி பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கிறது.

அம்மா பிறந்து வளர்ந்தது திருவையாற்றில். ஊருக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறு எதையும் கேட்பதில்லை. நாங்கள் இருப்பதோ லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. வயிற்றில் நீர் கோத்திருப்பதால் அரை மணி நேரம் உட்காருவதே அவருக்குப் பெரும்பாடு. துபாயில் இருக்கும் என் தம்பி இதைக் கேட்டு கண்ணை மூடி மாட்டிக்கொண்டால் வேறோர் இடத்திலேயே இருப்பது போலக் காட்டும் ஒரு மெய்நிகர் (VR) ஹெட்செட்டை வாங்கி அனுப்பினான். போன வாரம் அதை மாட்டி, கடலுக்கு மேலே பறப்பது போன்ற ஒரு காட்சியைப் போட்டோம். இரண்டு நிமிடத்தில் தலை சுற்றுகிறது என்றார். கழற்றுவதற்குள் வாந்தி எடுத்துவிட்டார். அன்று முழுக்க எனக்குக் குற்ற உணர்வாக இருந்தது.

வெளிநாட்டு மருத்துவமனைகளில் கடைசிக் கட்ட நோயாளிகளுக்கு இதைப் பயன்படுத்துவதாகப் படித்திருக்கிறேன். நாங்கள் செய்த விதம்தான் தவறா, அல்லது இந்த எண்ணமே தவறா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இரவுப்பணிச் செவிலி

சகோதரிக்கு வணக்கம். நோய் ஆதரவு சிகிச்சைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். எங்கள் பிரிவில் இந்தக் கருவியைச் சுமார் இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறோம். நீங்கள் சொன்ன வாந்தி எங்களுக்கும் தொடக்கத்தில் நேர்ந்ததுதான். கண் பறப்பதாகச் சொல்லும்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உடல் அசையவில்லை என்று சொன்னால், அந்த முரண்பாட்டில் நல்ல உடல்நலம் உள்ளவருக்கே குமட்டும். வயிற்று நீர் இரைப்பையை அழுத்திக்கொண்டிருக்க, மார்ஃபினும் சாப்பிடும் ஒருவருக்குக் கேட்கவே வேண்டாம். ஆகவே பறக்கும் காட்சி, ஓடும் வண்டி, நடந்துகொண்டே எடுத்த காட்சி எதுவும் வேண்டாம். ஓரிடத்தில் கேமராவை நிறுத்தி எடுத்த காட்சியை மட்டும் போடுங்கள். அதில் தண்ணீரும் ஆட்களும் அசையலாம், பார்ப்பவர் நிற்கும் இடம் அசையக் கூடாது.

அடுத்தது, படுக்கை நிலை. மல்லாந்து படுத்திருப்பவருக்குக் கருவியை அப்படியே மாட்டினால் கண்ணுக்கு நேரே வானம்தான் தெரியும், ஆறு கால்மாட்டில் கிடக்கும். அதைப் பார்ப்பதற்காகக் கழுத்தைத் தூக்கித் தூக்கி அவர் களைத்துவிடுவார். தலைப்பக்கத்தைத் தலையணைகளால் பாதி உட்கார்ந்த நிலைக்கு உயர்த்தி, மாட்டிய பிறகு காட்சியின் திசையை அவர் பார்வைக்கு நேராகத் திருப்பி அமையுங்கள். கருவி ஏறத்தாழ அரைக் கிலோ எடை இருக்கும். மெலிந்த முகத்தில் அது கன்ன எலும்பை அழுத்தும் என்பதால் நாங்கள் பட்டையை இறுக்காமல், ஒருவர் பக்கத்தில் நின்று முன்புறத்தைக் கையால் தாங்கிக்கொள்கிறோம். பத்து நிமிடம் போதும். வலி இருக்கும் நேரத்தில் மாட்டாதீர்கள். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும், சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்து, அவர் தெளிவாக விழித்திருக்கும் வேளையில் செய்யுங்கள். வாந்தி மருந்தை எப்போது கொடுப்பது என்பதை உங்கள் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காதை மூடும் ஹெட்ஃபோன் வேண்டாம், உங்கள் குரல் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவர் கை உங்கள் கையில் இருக்கட்டும். இரண்டு முறை அழுத்தினால் உடனே கழற்றிவிடுவது என்று முன்பே பேசிவையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்த ஒரு பெரியவருக்காக இராமேசுவரம் கோயில் பிராகாரத்தைத் தேடி எடுத்துவைத்திருந்தோம், அவர் விபூதி இல்லாமல் இருக்க மாட்டார் என்பதால். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “கோயில் இருக்கட்டும்மா, நான் கடை போட்டிருந்த பஸ் ஸ்டாண்டைக் காட்ட முடியுமா?” என்று கேட்டார். அவர் அங்கே முப்பது ஆண்டுகள் டீ ஆற்றியவர். அன்றிலிருந்து, என்ன பார்க்க வேண்டும் என்று நோயாளியைக் கேட்காமல் நாங்கள் எதையும் போடுவதில்லை.

மருத்துவர் ஒருவர்

செவிலியர் சொன்ன நடைமுறையில் சேர்க்க எனக்கு அதிகமில்லை. ஆனால் இந்தச் சிகிச்சையைப் பற்றிச் செய்திகளில் எழுதப்படுவதற்கும் மெய்யாகத் தெரிந்திருப்பதற்கும் இடைவெளி உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன்.

இதன் தொடக்கம் தீக்காய சிகிச்சையில். 1990களில் சியாட்டில் நகரில் இந்த ஆய்வைத் தொடங்கிய, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும், பின்னர் காயச் சிகிச்சை வேளையில் நோயாளியை மெய்நிகர்ப் பனி உலகம் ஒன்றுக்குள் இறக்கிப் பனிப்பந்து எறிய வைத்தார்கள். மனம் வேறோர் இடத்தில் முழுமையாக ஈடுபட்டிருந்தால் வலியைக் கவனிப்பதற்கு அதில் இடம் குறைகிறது என்பதே அடிப்படை. 2021 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு மெய்நிகர் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. அதுவும் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்குத் துணைச் சிகிச்சையாகத்தானே தவிர, புற்றுநோய் வலிக்கு அல்ல.

நோய் ஆதரவு சிகிச்சையைப் பொறுத்தவரை, ஜப்பானில் ஒசாகாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். முற்றிய புற்றுநோய் கொண்ட 20 பேரை அவர்கள் விரும்பிய இடங்களுக்கு மெய்நிகர் பயணமாக அழைத்துச் சென்றபோது வலி, களைப்பு, மூச்சுத்திணறல், மனச்சோர்வு, பதற்றம் ஆகியவை குறைந்ததாக நோயாளிகளே மதிப்பெண் இட்டார்கள். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் 20 பேர் மட்டுமே, ஒப்பிடுவதற்கு வேறு குழு இல்லை. ஒருவர் அருகில் அமர்ந்து அரை மணி நேரம் அக்கறையோடு பேசியதே அந்தப் பலனில் எவ்வளவு பங்கு என்பதை அதிலிருந்து பிரித்தறிய முடியாது. எனவே இதை நம்பி மார்ஃபினைக் குறைக்கவோ, ஒரு வேளையைத் தள்ளிப்போடவோ கூடாது.

1967இல் லண்டனில் இறுதிக்கட்ட நோயாளிகளுக்கான இல்லமான புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், சாகும் தறுவாயில் இருப்பவரின் வலியில் உடலும் மனமும் உறவும் நம்பிக்கையும் சேர்ந்தே இருக்கின்றன என்று காட்டி, அதை முழுமையான வலி என்று அழைத்தார். ஊரைப் பார்க்க முடியவில்லையே என்ற உங்கள் அம்மாவின் ஏக்கம் அந்த வலியின் ஒரு பகுதி. அதற்கு மாத்திரை இல்லை என்பதால்தான் இந்த முயற்சிக்கு நான் எதிரி அல்லன். மூளைக்குப் பரவல், வலிப்பு வரலாறு, மனக்குழப்பம் ஆகியவை இருந்தால் மட்டும் வேண்டாம். இரவில் இடம் தெரியாமல் பேசுகிறாரா, இல்லாதவர்களைக் காண்கிறாரா என்று கவனியுங்கள். அப்படியிருந்தால் கருவியை அலமாரியில் வைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

கிணற்றடி

என் அப்பாவுக்காக எங்கள் ஊர் வீட்டை 360 பாகைக் கேமராவில் நானே எடுத்தேன். முக்காலியைத் திண்ணையில் அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், உட்கார்ந்தவரின் கண் உயரத்துக்கு வைத்தேன். நின்றவரின் உயரத்தில் வைத்தால் பார்ப்பவருக்குத் தான் மிதப்பது போல இருக்கும். இந்தக் கேமரா எல்லாப் பக்கமும் பார்க்கும் என்பதால் பதிவை ஓடவிட்டு நான் கொல்லைப்புறத்தில் ஒளிந்துகொண்டேன். ஓர் இடத்துக்கு ஐந்து நிமிடம். பம்ப்செட் ஓசை, காக்கை, எதிர்வீட்டுப் பாட்டி யாரையோ திட்டியது எல்லாம் அதில் பதிவானது. அப்பா முதலில் சிரித்தது அந்தத் திட்டலைக் கேட்டுத்தான்.

நான் யோசிக்கத் தவறியது ஒன்று. கிணற்றடி வேப்பமரத்தைச் சித்தப்பா வெட்டி ஓராண்டு ஆகியிருந்தது. அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. தலையைத் திருப்பியவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை, கருவிக்குள்ளேயே அழுதார். அதன் பிறகு ஒரு மணி நேரம் அந்த மரத்தைப் பற்றியும் அதை நட்ட தன் அம்மாவைப் பற்றியும் பேசினார். காட்டியது சரியா தவறா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. நீங்கள் எடுத்தால், முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள். இடிந்தது, விற்றது, வெட்டியது ஏதாவது இருந்தால் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாற்றுக்கருத்து

கசப்பாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை தான் வராததற்கு ஈடாக ஒரு பெட்டியை அனுப்புவதை என் உறவினர் வீடுகளில் நிறையப் பார்த்துவிட்டேன். கண்ணை மூடும் ஒரு கருவி, அதை மாட்டியிருக்கும் பத்து நிமிடமும் அவரை உங்களிடமிருந்து பிரித்துத்தான் வைக்கிறது. நெதர்லாந்தில் 2007 முதல் ஒரு தொண்டு நிறுவனம் இத்தகைய நோயாளிகளை ஆம்புலன்ஸிலேயே கடற்கரைக்கும் சொந்த வீட்டுக்கும் உண்மையாக அழைத்துப் போய் வருகிறது. வயிற்று நீரை எடுத்த மறுநாள் படுத்தபடியே திருவையாறு வரை போய்வர முடியுமா என்று மருத்துவரிடம் ஒருமுறையாவது கேட்டீர்களா?

காவிரிக்கரை மகள்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மாற்றுக்கருத்து சொன்ன ஐயாவின் கேள்வி சுட்டது. மருத்துவரிடம் நேற்றுக் கேட்டேன். இரத்த அழுத்தம் மிகவும் குறைவாக இருப்பதால் ஏழு மணி நேரப் பயணத்தை அவர் தாங்க மாட்டார் என்றார். தம்பி அடுத்த மாதம் விடுப்பில் வருகிறான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவிடம் எதைப் பார்க்க வேண்டும் என்று நேராகவே கேட்டேன். வீட்டைச் சொல்வார் என்று நினைத்திருந்தேன், “ஆத்துல தண்ணி வந்துடுச்சா?” என்றுதான் கேட்டார். மேட்டூர் ஜூன் 12ஆம் தேதி திறந்தால் எத்தனையாவது நாள் தண்ணீர் தங்கள் படித்துறைக்கு வரும் என்று விரல் விட்டு எண்ணியவர் அவர். மணலாகக் கிடக்கும் ஆற்றைக் காட்டினால் பார்க்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். ஊரில் இருக்கும் மாமா மகனிடம் விசாரித்தேன், தண்ணீர் வந்துவிட்டதாம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவனே எடுத்துத் தருவதாகச் சொல்கிறான். முக்காலியைப் படித்துறையில் எந்தப் படியில் வைப்பது என்பதுதான் தெரியவில்லை.

கிணற்றடி

எந்தப் படியில் உட்கார்ந்து துணி துவைப்பார் என்று அம்மாவிடமே கேளுங்கள். அந்தப் படி தண்ணீருக்குள் போயிருந்தால் அதற்கு மேற்படி. முக்காலியின் ஒரு காலில் செங்கல்லைக் கட்டச் சொல்லுங்கள், காலைக் காற்றில் ஆடிவிடும்.