மாதிரி ‘பாதுகாப்பு’ என்றது, கிணற்றில் ஆர்சனிக் இருந்தது

கேள்வி: கிணற்று நீரில் ஆர்சனிக் நஞ்சு உண்டா என்று கணிக்க, 240 கிணறுகளின் ஆழம், இரும்பு, பிஹெச் அளவுகளை வைத்து ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் இயந்திரக் கற்றல் முறை) மாதிரி செய்தேன். துல்லியம் 94%. ஆனால் அது பாதுகாப்பு என்று சொன்ன ஒரு கிணற்றில் லிட்டருக்கு 38 மைக்ரோகிராம் ஆர்சனிக்! குழந்தைகள் குடிக்கும் தண்ணீர். எங்கே தவறினேன்?

பதில்: அக்கம்பக்கத்துக் கிணறுகள் மாதிரியின் பயிற்சித் தரவிலும் சோதனைத் தரவிலும் கலந்திருக்கும்; அதனால் துல்லியம் கூடுதலாகத் தெரியும். வட்டாரவாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

பதில்: ரெடாக்ஸ் (நீரின் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க நிலை) அளந்தீர்களா? ஆக்சிஜன் இல்லாத நீரில் இரும்பு ஆக்சைடு கரையும்போது, அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் வெளியேறும். உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். துல்லியத்தை விடுங்கள், ஆர்சனிக் இருந்தும் மாதிரி தவறவிட்ட கிணறுகளை எண்ணுங்கள்.

கேட்டவர்: வட்டாரவாரியாகப் பிரித்ததும் துல்லியம் 71% ஆகிவிட்டது. ரெடாக்ஸ் அளக்கவே இல்லை. மீட்டரோடு மறுபடி போகிறேன். அந்த வீட்டில் குடிக்க வேண்டாமென்று நேற்றே சொல்லிவிட்டேன்.