ஸ்நோவில் பிரேக் அடித்தால் மிதி அதிர்கிறது, கார் நிற்கவில்லை. பிரேக் பழுதா?

புதுவரவு, ஸ்காபரோ:
வணக்கம். கனடாவில் இது எனக்கு முதல் குளிர்காலம். யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் வான் ஓட்டியவன். நேற்றுக் காலை மைனஸ் 9, தெருவில் மெல்லிய ஸ்நோ. ஸ்டொப் சைனுக்கு முன்னால் பிரேக்கை மிதித்ததும் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது. பயந்துபோய்க் காலை எடுத்துவிட்டேன். கார் வழுக்கிக்கொண்டு பாதிச் சந்திவரை போய்த்தான் நின்றது. நல்லகாலம், குறுக்கே யாரும் வரவில்லை. பின்சீட்டில் மகள் இருந்தாள், இன்னும் கை நடுங்குகிறது. கராஜுக்குக் கொண்டுபோகவா? ரயர் நாலும் ஓல் சீசன், போன வருடம் போட்டதுதான்.

பழைய டிரைவர்:
தம்பி, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதது பெரிய நிம்மதி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பிரேக் பழுதில்லை. அந்த அதிர்வுதான் ஏபிஎஸ். சில்லு இறுகிப்போகாமல் நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. அடுத்தமுறை அதிர்ந்தால் காலை எடுக்காதீர்கள், அழுத்தியே வைத்துக்கொண்டு போகவேண்டிய பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். கார் திரும்பும். ஆனால் ஏபிஎஸ் இருப்பதால் ஸ்நோவில் சீக்கிரம் நிற்கும் என்று நினைக்கவேண்டாம். இளம் ஸ்நோவில் இன்னும் கொஞ்சம் தள்ளியே நிற்கும்.

குறை ரயரில். ஓல் சீசன் என்பது பெயர்தான். 7 பாகைக்குக் கீழே அந்த ரப்பர் இறுகத் தொடங்கிவிடும், பிடி போய்விடும். வின்ரர் ரயரின் ரப்பர் வேறு, குளிரிலும் மிருதுவாகவே இருக்கும். பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனிப்பூவும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எம், எஸ் எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது.

புதுவரவு:
நன்றி அண்ணை. இப்போது கையில் காசு குறைவு. முன்னுக்கு மட்டும் இரண்டு போட்டுச் சமாளிக்கலாமா?

மார்க்கம் அக்கா:
வேண்டாம் தம்பி. முன்சில்லு பிடிக்கும், பின்சில்லு பிடிக்காது. வளைவில் பின்பக்கம் சுழன்று வரும். அது இதைவிட ஆபத்து. றிம்மோடு பாவித்த செட் வாங்கலாம், ஆனால் ரயர் வெட்டின் பள்ளம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் எடுக்காதீர்கள். நாலும் பூட்டியதும் இன்சூரன்ஸ்காரருக்கு அறிவியுங்கள். ஒன்ராரியோவில் 2016 முதல் எல்லா நிறுவனங்களும் வின்ரர் ரயருக்குக் கழிவு தரவேண்டும்.

அதுவரை பஸ்ஸில் போகமுடிந்தால் போங்கள். ஓட்டத்தான் வேண்டுமென்றால் முன்கார் கடந்த இடத்துக்கு நீங்கள் வர எட்டு, பத்து செக்கனாவது ஆகட்டும். பாலத்துக்குக் கீழேயும் குளிர்காற்று அடிப்பதால் மற்றத் தெருவுக்கு முன்பே பாலத்தின் மேற்பரப்பு உறைந்துவிடும். ஈரம்போல் கறுப்பாகத் தெரிவது ஐஸாக இருக்கலாம். அதில் பிரேக்கும் வேண்டாம், வேகத்தைத் தானே பிடித்துவைக்கும் க்ரூஸும் வேண்டாம்.

புதுவரவு (ஒன்பது நாள் கழித்து):
பாவித்த செட் ஒன்று கிடைத்தது, 7 மில்லிமீட்டர் இருக்கிறது. தெரிந்தவருடைய வெறும் பார்க்கிங்கில் கேட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டி வேண்டுமென்றே பிரேக் அடித்துப் பார்த்தேன். அதிர்ந்தது, காலை எடுக்கவில்லை, திருப்பிய பக்கம் கார் போனது. இன்று காலை மட்டும் ரயர் விளக்கு எரிந்தது. ஓட்டைதானோ?

பழைய டிரைவர்:
நல்ல வேலை செய்தீர்கள். குளிர் ஐந்தாறு பாகை கூடினால் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும், நேற்றிரவு நல்ல குளிர்தானே. ஓட்டுவதற்கு முன் அளந்து, கதவோரத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு அடியுங்கள். இரண்டு நாளில் ஒரு சில்லு மட்டும் திரும்ப இறங்கினால் ஓட்டை பாருங்கள்.