இயற்பியல் எடுக்காமல் உயிர்வேதியியல் படிக்கலாமா?

கேள்வி (ஈசூன் தம்பி):
தொடக்கக் கல்லூரியில் வேதியியல், உயிரியல்தான் எடுத்தேன், இயற்பியல் எடுக்கவில்லை. ஆகஸ்டில் பல்கலைக்கழகம். புரதம் எப்படி மடிகிறது என்று படிக்கத்தான் ஆசை. அதற்கு உயிர்இயற்பியல் தெரியணும் என்கிறார்கள். சமாளிக்க முடியுமா?

பதில் (மூன்றாம் ஆண்டு அக்கா):
முடியும் தம்பி. நானும் இயற்பியல் இல்லாமல்தான் வந்தேன். முதல் ஆண்டில் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) என்றாலே வயிறு கலங்கும். ஒரு நாள் உணவங்காடியில், தே தாரிக் ஆறிப்போகும்வரை, டிஷ்யூ தாளில் வரைந்து பார்த்தேன். புரதச் சங்கிலியில் நீரோடு ஒட்டாத அமினோ அமிலங்கள் வெளியே இருந்தால், சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் ஒழுங்காக வரிசைகட்ட வேண்டியிருக்கிறது. அந்த அமிலங்கள் புரதத்துக்குள் ஒதுங்கியதும் நீர் மறுபடி இஷ்டப்படி அலைகிறது. புரதம் மடிய அது பெரிய காரணம். அன்றைக்குத்தான் இந்தப் படிப்பின் மேல் எனக்கு உண்மையான பிரியம் வந்தது. கணக்கை மட்டும் விடுமுறையிலேயே தொடங்கிவிடு.

பதில் (ஆய்வக உதவியாளர்):
கைப்பழக்கமும் முக்கியம். ஜெல் (மூலக்கூறுகளை அளவுப்படி பிரிக்கும் கூழ்ப்பலகை) குழியில் மாதிரியை விடும்போது முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள். பிப்பெட் நுனி அடியில் குத்தினால் எல்லாம் கசிந்துவிடும்.

பதில் (தெம்பனிஸ் அண்ணன்):
சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகுதான் உயிரியல் படிக்கப் போனார். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஈசூன் தம்பி:
நன்றி அக்கா. அந்த நீர்ப் படத்தை இன்றைக்கே வரைகிறேன்.