எர்த் ஃபால்ட் சோதனையில் நீங்கள் கண்டது: அனுபவப் பகிர்வு

நூற்பாலை மின்பிரிவு:
இன்றும் மனதை உறுத்துகிறது. 800 ஆம்பியர் மெயின் ஏசிபி, அதாவது ஆலைக்கு வரும் மொத்த கரண்டும் கடக்கும் பிரேக்கர். பகலில் மில் முழுச் சுமையில் ஓடினாலும் ஒன்றும் ஆகாது. பொழுது சாய்ந்து விளக்குகளும் விடுதிச் சுமையும் ஏறினால் எர்த் ஃபால்ட், அதாவது கரண்ட் பூமிக்குக் கசிகிறது என்று விழுந்து, சப்ளையைத் துண்டித்துவிடும். இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் போட்டால் கேபிள்களில் குறையே இல்லை. பிரேக்கரை விழச் சொல்லும் ரிலேயைத் தனியாகச் சோதித்துச் சான்றிதழும் கொடுத்திருந்தார்கள். எத்தனை ஆம்பியர் கசிந்தால் விழ வேண்டும் என்ற செட்டிங்கை ஏற்றிவிடச் சொன்னார் மேலாளர். நான் மறுத்து, ஞாயிறு ஷட்டவுனில், பஸ்பார் எனும் உலோகப் பட்டையிலேயே நேரடியாகக் கரண்டை அனுப்பிச் சோதிக்கும் பிரைமரி இன்ஜெக்‌ஷன் கிட்டை வரவழைத்தேன். ஆர் ஃபேஸ் பஸ்பாரில் அனுப்பிய கரண்டை நியூட்ரல் பஸ்பார் வழியே திருப்பி எடுத்தோம். போனதெல்லாம் திரும்பி வருகிறது, ரிலே வாயே திறக்கக் கூடாது. பிரேக்கர் டமாரென்று விழுந்தது! கைவிளக்கை உள்ளே நீட்டினால், நியூட்ரல் சிடி (கரண்டை அளந்து ரிலேவுக்குச் சொல்லும் டிரான்ஸ்ஃபார்மர்) மட்டும் தலைகீழாக, சப்ளைப் பக்கம் இருக்க வேண்டிய பி1 எழுத்து சுமைப் பக்கம் பார்த்தபடி இருக்கிறது. மூன்று ஃபேஸ் மோட்டார்களால் நியூட்ரலில் கரண்ட் இல்லை, அதனால்தான் பகலில் அமைதி. ஒற்றை ஃபேஸ் சுமை வந்ததும் ரிலேயின் கணக்கில் ஃபேஸ் கரண்டிலிருந்து கழிய வேண்டிய நியூட்ரல் கரண்ட் கூடிக்கொண்டது.

வளைகுடா கமிஷனிங்:
உங்களுடையது விழுந்தாவது காட்டிக்கொடுத்தது சார். நான் பார்த்தது விழவே விழாத ரகம். கீழே ஒரு சப் பேனலில் நியூட்ரல் பாரையும் எர்த் பாரையும் செம்புப் பட்டையால் இணைத்திருந்தார்கள். ஃபால்ட் கரண்டில் ஒரு பங்கு நியூட்ரல் வழியாகவே சிடிக்குள் திரும்பிவிடும், ரிலே குறைத்தே எண்ணும். சப்ளையை நிறுத்தி, மெயினில் நியூட்ரல் லிங்க்கைக் கழற்றி, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மெக்கர் வைத்தோம். முள் பூச்சியத்தை விட்டு அசையவில்லை. “பாதுகாப்புக்காகத்தான் போட்டேன் சார்” என்றார் பேனல் கட்டியவர். செட்டிங்கை ஏற்றச் சொல்லும் மேலாளர்களுக்கு ஒரு வார்த்தை: அமெரிக்க மின்விதியில்கூட 1200 ஆம்பியருக்கு மேல் வைக்க அனுமதியில்லை, 3000 ஆம்பியர் ஃபால்ட் என்றால் ஒரு விநாடிக்குள் அறுபட வேண்டும்.

திருப்பூர் பராமரிப்பு:
இருவருமே பெரிய பிரேக்கரைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஆள் சாவது சாயப்பட்டறையின் ஈரத் தரையில். எங்கள் பம்ப் பிளக் பாயின்டில் ஆர்சிசிபியின் (கசிவு கண்டால் சப்ளையைத் துண்டிக்கும் கருவி) டெஸ்ட் பட்டனை அழுத்தும்போதெல்லாம் டக்கென்று விழும். ஃபேஸிலிருந்து எர்த் ஒயருக்குக் கசிவை அனுப்பிப் பார்க்கும் டெஸ்டரைச் செருகினால் அசையவில்லை. சாக்கெட்டுக்கு வரும் எர்த் ஒயர் குழாய்க்குள்ளேயே அறுந்துகிடந்தது. பட்டன் உள்ளுக்குள் ஃபேஸையும் நியூட்ரலையும் வைத்தே போலிக் கசிவை உண்டாக்குகிறது, எர்த் ஒயர் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: பட்டனோடு நிற்காதீர்கள். முதலில் எர்த் தொடர்ச்சியைப் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் கருவி என்றால் 15 கொடுங்கள், விழக் கூடாது. 30 கொடுத்தால் 300 மில்லி விநாடிக்குள், 150 கொடுத்தால் 40 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும். பாசிட்டிவ் அரைச்சுற்று, நெகட்டிவ் அரைச்சுற்று இரண்டிலும் பார்த்து, நேரத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். “சரி” என்று மட்டும் எழுதிவைத்தால் அடுத்த ஆண்டு எதோடு ஒப்பிடுவீர்கள்?

நூற்பாலை மின்பிரிவு:
திருப்பூர் நண்பரே, ஈரத் தரை பற்றிச் சொன்னதில் மறுப்பில்லை. ஆனால் மெயினில் எர்த் ஃபால்ட் பொறி நின்று எரிந்தால் பஸ்பாரே உருகிவிடும், பக்கத்தில் நிற்பவரும் தப்ப மாட்டார். இரண்டையும் சோதிக்க வேண்டும்.