பேசியது உண்மை, கையில் போன் இல்லை: அபராதத்தை எதிர்க்கலாமா?

மெய்ப்பு:

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்று காலை வண்டி ஓட்டிக்கொண்டே தங்கையோடு போனில் பேசியது உண்மை. ஆனால் போன் பின் இருக்கையில், கைப்பைக்குள், ஜிப் மூடிக் கிடந்தது. இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒன்றாகச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால்தான் கேட்க வந்திருக்கிறேன்.

எனக்கு வலக்காதில் செவித்துணைக் கருவி இருக்கிறது. இடக்காதில் கருவி மாட்டியும் பயனில்லை என்று மருத்துவர் எப்போதோ கைவிட்டுவிட்டார். இப்போதைய கருவிகள் ப்ளூடூத் மூலம் போனோடு இணைகின்றன. அழைப்பு வந்தால் பேச்சு நேராகக் காதுக்குள் வந்துவிடும், போனைத் தொடவே வேண்டாம். நான் இருக்கும் இடத்தில் கையில் பிடித்துப் பேசுவதுதான் குற்றம், கைபடாமல் பேசலாம்.

தங்கை எதையோ சொல்லிச் சிரிக்க வைத்தாள். சிரித்தாலும் மென்றாலும் தாடை அசையும், தாடை அசைந்தால் காதில் பொருத்தியிருக்கும் அச்சு கொஞ்சம் நழுவும். நழுவினால் குக்கர் விசில் போல ஒரு கீச்சொலி கிளம்பும். கருவி போட்டவர்களுக்கு அந்த ஒலி தெரியும், மற்றவர்களுக்குப் புரியவைக்க முடியாது. உடனே வலது உள்ளங்கையைக் காதில் வைத்து அழுத்தினேன். அழுத்திக்கொண்டே "இரு, இரு" என்று தங்கையிடம் சொன்னேன். அந்த நேரம் பார்த்து சாலையின் இடப்பக்கம், எனக்கு முன்னே பதினைந்து இருபது அடி தள்ளி, ஒரு போக்குவரத்துக் காவலர் நின்றிருந்தார்.

வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். விளக்கினேன். பின் இருக்கைப் பையைக் காட்டினேன். "அதைப் பையில் போட எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார். அதுவும் நியாயமான கேள்விதான். சரி, கருவியையே காட்டிவிடுவோம் என்று காதிலிருந்து கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். கழற்றிய பிறகு அவர் சொன்னது ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. உதடுகள் அசைந்தன, நான் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்று இன்றுவரை தெரியாது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டிருந்தால்?

அபராதச் சீட்டை வாங்கிக்கொண்டு மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தபோது 8:43. போனில் அழைப்புப் பட்டியலைப் பார்த்தால் 8:38க்குத் தங்கையின் அழைப்பு, நான்கு நிமிடம் சொச்சம். அதாவது, என்னிடம் இருக்கும் ஒரே ஆவணம் எனக்கு எதிரானது.

முப்பது ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்துப் பிழைத்தவள் என்பதால் சீட்டையும் அப்படியே படித்தேன். என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. கருநீல வண்டியைக் கறுப்பு என்று எழுதியிருக்கிறார். இவற்றைக் காட்டியே தள்ளுபடி வாங்கிவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பணத்தைக் கட்டித் தொலை என்கிறாள் தங்கை, அவளுக்குக் குற்ற உணர்வு. பதில் சொல்ல இன்னும் 19 நாள் இருக்கிறது. என்ன செய்வது?

வரிக்குவரி:

அம்மா, முதலில் பக்கத்து வீட்டுக்காரரை ஒதுக்கி வையுங்கள். பெயரில் ஓர் எழுத்து, வண்டியின் நிறம் போன்ற சிறு பிழைகளுக்காகச் சீட்டு செல்லாமல் போவது அபூர்வம். வண்டி எண்ணும் நேரமும் இடமும் சரியாக இருந்து, குற்றம் என்னவென்று உங்களுக்குப் புரிந்திருந்தால், மற்றதைத் திருத்திக்கொண்டு மேலே போவார்கள். எழுத்துப் பிழையை முதலில் தூக்கிப் பிடித்தால், சொல்ல வேறு ஒன்றும் இல்லாதவர் போலத் தோன்றும்.

சட்டத்தில் எந்த வினைச்சொல் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் தொழிலுக்கு இது எளிது. 'பிடித்தல்' என்று இருக்கிறதா, 'பயன்படுத்தல்' என்று இருக்கிறதா, 'கையில் வைத்துப் பேசுதல்' என்று இருக்கிறதா? எத்தனையோ வழக்குகள் அந்த ஒரு சொல்லில்தான் தீர்ந்திருக்கின்றன. கலிபோர்னியாவில் ஒருவர் நெரிசலில் கையில் போனை வைத்து வரைபடம் பார்த்ததற்கு அபராதம் வாங்கினார். அன்றைய சட்டம் பேசுவதைத்தான் தடுத்தது, வரைபடம் பார்ப்பதை அல்ல என்று 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிறகு 2017 முதல் கையில் பிடித்து எதற்குப் பயன்படுத்தினாலும் குற்றம் என்று சட்டத்தை மாற்றிவிட்டார்கள். பிரிட்டனிலும் அப்படித்தான்: விபத்து நடந்த இடத்தை ஓட்டிக்கொண்டே போனில் படமெடுத்தவர் 2019இல் உயர் நீதிமன்றத்தில் தப்பித்தார், 2022 மார்ச்சில் அந்த ஓட்டையை அடைத்தார்கள். சிங்கப்பூரில் வண்டி நகர்ந்துகொண்டிருந்தால்தான் குற்றம். பிரிட்டனில் சிவப்பு விளக்கில் நின்றுகொண்டு கையில் எடுத்துப் பயன்படுத்தினாலும் குற்றம். இந்தியாவில் 2020 அக்டோபரில் வந்த விதி, வழிகாட்டலுக்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம், அதுவும் கவனம் சிதறாதபடி, என்கிறது. ஆகவே ஒரு நாட்டின் கதையை இன்னொரு நாட்டில் சொல்லிப் பயனில்லை.

உங்கள் விஷயத்தில் சட்டத்தின் சொல் எதுவானாலும் போன் கையில் இல்லை என்பதுதான் உங்கள் பதில். அதனால் இது சட்டத்தைப் பற்றிய சண்டை ஆகாது. கண்ணால் கண்டதைப் பற்றிய சண்டை, அதுதான் கடினமானது.

இன்னொன்று. பல இடங்களில் பணத்தைக் கட்டுவதே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். தொகையை மட்டும் பார்க்காதீர்கள், உரிமத்தில் என்ன ஏறுகிறது என்று பாருங்கள். பிரிட்டனில் இதே குற்றத்துக்கு 200 பவுண்டு அபராதமும் உரிமத்தில் 6 தண்டப் புள்ளிகளும். உரிமம் வாங்கி இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு அந்த 6 புள்ளிகளோடு உரிமமே போய்விடும். அப்படிப்பட்டவருக்கும், வெறும் தொகையோடு முடிந்துபோகிறவருக்கும் ஒரே ஆலோசனை சொல்ல முடியாது.

பின்னிருக்கை:

எல்லாரும் இவரை எப்படித் தப்ப வைப்பது என்றே பேசுகிறீர்கள். நான் வேறு கேட்கிறேன். கையில் போன் இல்லாவிட்டால் சரியாகிவிடுமா? 1997இல் டொரொண்டோ ஆய்வாளர்கள் விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். போனில் பேசும் நேரத்தில் விபத்துக்கான வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. கைபடாத கருவியில் பேசியவர்களுக்கும் அது குறைந்ததாகத் தெரியவில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு வண்டி 16 மீட்டருக்கு மேல் போகிறது. தங்கையின் நகைச்சுவைக்குச் சிரித்து, காதை அழுத்தி, "இரு, இரு" என்று சொல்லி முடிப்பதற்குள் எத்தனை மீட்டர் போயிருப்பீர்கள்? கட்டிவிட்டு அடுத்த முறை வண்டியை நிறுத்திப் பேசுங்கள்.

மெய்ப்பு:

பின்னிருக்கை, நீங்கள் சொல்வது வலிக்கிறது, ஏனென்றால் சரி. அன்றிலிருந்து வண்டியில் ஏறும்போது கருவியின் ப்ளூடூத்தை அணைத்துவிடுகிறேன். ஆனால் செய்த தவறுக்கு வருந்துவது வேறு, செய்யாத குற்றத்துக்குக் கையெழுத்துப் போடுவது வேறு. 'கையில் போனைப் பிடித்துப் பேசியபடி ஓட்டினார்' என்று சீட்டில் இருக்கிறது. அந்த வாக்கியத்தில் ஒரு சொல் பொய். பொய்யான சொல்லை அப்படியே அச்சுக்கு அனுப்பும் பழக்கம் எனக்கு இல்லை.

சாலைமுனை:

பதினெட்டு ஆண்டுகள் போக்குவரத்துக் காவலராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். அந்தப் பக்கத்திலிருந்து எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

நின்ற இடத்திலிருந்து எனக்குத் தெரிவது மூன்று: உயர்ந்த முழங்கை, சாய்ந்த தலை, அசையும் உதடு. மூன்றும் சேர்ந்தால் கை தானாகச் சீட்டுப் புத்தகத்துக்குப் போகும். நூற்றில் பெரும்பாலானவை சரியாகவே இருக்கும். ஆனால் நேர்மையாகச் சொன்னால், எத்தனை முறை அந்தப் பொருளை நான் கண்ணால் பார்த்தேன், எத்தனை முறை முழங்கையைப் பார்த்து மீதியை மனத்தில் நிரப்பிக்கொண்டேன் என்று என்னாலேயே பிரிக்க முடியாது. சாலை ஓரத்தில் நாளெல்லாம் நின்று பாருங்கள், தெரியும்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 2018இல் ஒருவருக்கு இதே கதை. காவலர் கண்டது கையில் ஒரு பொருளும் அசையும் உதடுகளும். அவரோ, தான் தின்றது பொரித்த உருளைக்கிழங்கு வில்லை என்றார். முதல் விசாரணையில் தோற்றார், விடாமல் மேலே போனார், 2019 நவம்பரில் ஜெயித்தார். அபராதம் 300 டாலர். வழக்கறிஞருக்கு அதைவிட அதிகமாகச் செலவழித்தார். அந்த நேரத்தில் அழைப்பு எதுவும் இல்லை என்று காட்டும் பதிவு அவரிடம் இருந்தது. உங்களிடம் இருப்பதோ நேர் எதிர். அதை மறைக்க நினைக்காதீர்கள். அழைப்புப் பதிவில் நேரமும் கால அளவும்தான் இருக்கும், போன் எங்கே இருந்தது என்று இருக்காது. "பேசினேன், கருவி வழியாக" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். நீங்களே சொன்னால் அது விளக்கம். அவர்கள் கண்டுபிடித்தால் அதுவே குட்டு உடைந்ததாகிவிடும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் தரப்பை எழுதுவதற்கு முன்பே காவலரின் குறிப்பையும், காணொளி இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் குற்றம் சாட்டப்பட்டவர் கேட்டால் தர வேண்டும். எந்தக் கை, எந்தக் காது, பொருளின் நிறம் என்ன என்று அதில் இருக்கிறதா பாருங்கள். செவித்திறன் நிபுணரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: எந்தக் காதில் கருவி, அது போனோடு இணையக்கூடியதா, அச்சு நழுவினால் கீச்சொலி வருமா என்று. பிறகு அதே இடத்தில், அதே நேரத்தில், நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து காதை அழுத்துங்கள். அவர் நின்ற இடத்திலிருந்து யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள்.

அவர் பொய் சொல்கிறார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எழுதினால் அவர் நல்லவரா நீங்கள் நல்லவரா என்ற போட்டியாகிவிடும். சீருடையோடு அந்தப் போட்டியில் ஜெயிப்பது கஷ்டம்.

மெய்ப்பு:

பதினோரு நாள் கழித்து வருகிறேன். காவலரின் குறிப்பு வந்துவிட்டது. மொத்தம் இரண்டு வரி: 'வலது கை காதருகே, உதடுகள் அசைந்தன. கையில் சிறிய கறுப்புப் பொருள்.'

முதல் வரியில் ஓர் எழுத்தும் பிழையில்லை. இரண்டாவது வரியைப் படித்ததும் கோபம் தலைக்கேறியது. என் கருவி சாம்பல் நிறம், காதுக்குப் பின்னால் கூந்தலுக்குள் மறைந்திருக்கும். என் போனின் உறை மஞ்சள். சாலைமுனை தடுத்திருக்காவிட்டால் 'அப்பட்டமான பொய்' என்றுதான் எழுதியிருப்பேன்.

சனிக்கிழமை காலை 8:40க்குத் தங்கை மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். சாலையோரம் நிறுத்த இடமிருந்தது. அவன் காவலர் நின்ற இடத்தில் நின்றான், நான் கையைத் தூக்கிக் காதை அழுத்தினேன். ஏழு படங்கள் எடுத்தான். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், ஏழிலும் நான் போன் பேசிக்கொண்டிருக்கிறேன். தாடைக்குக் கீழே ஒரு கறுப்புச் சதுரம், போனின் அடிப்பகுதி மாதிரியே எட்டிப் பார்க்கிறது.

அது என் கைக்கடிகாரம். வலது கையில், முகப்பு உள்மணிக்கட்டுப் பக்கம் வரும்படி கட்டுவது என் பழக்கம். மெய்ப்புத் தாள் மேல் கையை வைத்து எழுதும்போது மேசையில் உரசாமல் நேரம் பார்க்கப் பழகியது, வேலையை விட்ட பிறகும் போகவில்லை. உள்ளங்கையைக் காதில் வைத்தால் முகப்பு முன்பக்கம் தெரிகிறது. அவர் கறுப்புப் பொருளைத்தான் பார்த்திருக்கிறார். அவர் இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் சீட்டு எழுதியிருப்பேன்.

படங்களைப் பார்த்ததும் தங்கை, "இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நீயே மாட்டிக்கொள்வாய்" என்றாள். ஒரு நாள் முழுக்க நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஏழில் ஒன்றை எடுத்துத் தாளில் ஒட்டி, கடிகாரத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டேன். அதே கடிகாரத்தின் தனிப் படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தேன். நிபுணரின் கடிதம், அழைப்புப் பட்டியல் எல்லாவற்றையும் இணைத்து, 'காவலர் கண்டதை நான் மறுக்கவில்லை. அது போன் அல்ல' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் எழுதி நேற்று அனுப்பிவிட்டேன். வண்டியின் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. என் பெயரை மட்டும் திருத்தி எழுதினேன், அதை விட முடியவில்லை.

அடுத்த மாதம் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கறிஞர் வைக்கவில்லை. விசாரிப்பவர், முகம் தெரியும்படி, எனக்கு வலப்பக்கமாக இருந்து பேசுமாறு முன்கூட்டியே கேட்டு ஒரு கடிதமும் கொடுத்திருக்கிறேன்.

சாலைமுனை:

நல்லது அம்மா. கடிகாரத்தை அன்றும் அதே மாதிரி கட்டிக்கொண்டு போங்கள். படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். தயவுசெய்து அங்கே போனை எடுத்து அதில் காட்டாதீர்கள்.