கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்: சிடி4 (எதிர்ப்புச் சக்தி அணு), வெள்ளணு பார்த்த அனுபவங்கள் (தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம்)

சாட்ஸ்வொர்த் மருமகள்:
அத்தைக்குப் புற்றுநோய் 2பி கட்டம். கதிர்வீச்சு, கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து என்று முடிவானது. முதலில் ரத்த அணுக்களை எண்ண ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் எச்ஐவி பரிசோதனைக்குச் சம்மதம் கேட்டதும் அத்தைக்கு வந்ததே கோபம்! "உங்க மாமா போய் எத்தனை வருஷமாச்சு, என்னைப் பார்த்தா இதைக் கேக்குறது?" என்று எழுந்தே விட்டார். ஜூலு நர்ஸ் அசரவில்லை. "மா, இங்கே வர்ற எல்லாரையும்தான் கேட்கிறோம்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

எச்ஐவி இல்லை. ஆனால் பாதி சிகிச்சையில் வெள்ளணு இறங்கி, ஒரு வாரம் கீமோ தள்ளிப்போனது. கூட்டத்துக்குள் போகாதீர்கள் என்றார் டாக்டர். அது தைப்பூசக் காவடி நேரம் வேறு, வீட்டில் ஒரே சண்டை. எச்ஐவி இல்லாதவருக்கும் ஏன் இப்படி?

ஃபீனிக்ஸ், ஓய்வுபெற்ற நர்ஸ்:
பெரியவர்களுக்கு ரத்தம் ஊறும் மஜ்ஜையில் கணிசமான பங்கு இடுப்பெலும்பில் இருக்கிறது தங்கச்சி. கதிர் விழுவதும் அங்கேதான். லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களுக்குக் கதிர்வீச்சு கொஞ்சமும் ஆகாது, அவைதான் முதலில் விழும். நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளணுவை சிஸ்பிளாட்டினும் சேர்ந்து இறக்கிவிடும். அதனால்தான் வாராவாரம் ரத்தம் பார்ப்பது.

எச்ஐவி கேட்பதில் நடத்தை விசாரணை எதுவும் இல்லை. இந்தப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே எச்பிவி கிருமியால் வருவது. நல்ல எதிர்ப்புச் சக்தி இருந்தால் பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். எச்ஐவி உள்ள பெண்களுக்கு அது தங்கிவிடுகிறது, புற்றுநோய் வாய்ப்பு சுமார் 6 மடங்கு. எச்ஐவி அதிகமுள்ள நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் கேட்காமல் விட்டால்தான் தப்பு.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணன்:
என் தங்கைக்கு எச்ஐவி உண்டு, பல வருடமாக மாத்திரை எடுக்கிறாள். கதிர்வீச்சுக்கு முன் சிடி4 540, முடியும்போது 170. மாத்திரையை விட்டுவிட்டாள் என்று வீடு முழுக்கப் பேச்சு. பாவம், ஒருவேளைகூட விட்டதில்லை. டாக்டர் வைரல் லோடு (ரத்தத்தில் கிருமியின் அளவு) தாளைக் காட்டினார்: கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவிலேயே இருந்தது. சிடி4 என்பது லிம்ஃபோசைட்டில் ஒரு பகுதி, மொத்தம் குறைந்தால் அதுவும் குறையும், லிம்ஃபோசைட்டில் அது எத்தனை சதவீதம் என்று பாருங்கள் என்றார். சதவீதம் பெரிதாக அசையவே இல்லை! எண்ணிக்கை 200க்குக் கீழே போனதால் நிமோனியா வராமலிருக்க கோட்ரைமாக்ஸசோல் மாத்திரை கொடுத்தார்கள்.

இன்னொன்று: எச்ஐவி மருந்தான டெனோஃபோவிரும் சிஸ்பிளாட்டினும் இரண்டுமே சிறுநீரகத்தைப் படுத்தக்கூடியவை. கிரியாட்டினின் (சிறுநீரக ரத்தப் பரிசோதனை) பார்க்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எதிர்ப்புச் சக்தி பற்றியே எல்லோரும் பேசுவார்கள், இதை நாமாகத்தான் கேட்க வேண்டியிருந்தது.

சாட்ஸ்வொர்த் மருமகள்:
நன்றி அண்ணா. அக்கா, குளிர்காலம் வருகிறது, அத்தைக்கு ஃப்ளூ ஊசி போடலாமா?

ஃபீனிக்ஸ், ஓய்வுபெற்ற நர்ஸ்:
ஃப்ளூ ஊசியில் இருப்பது செத்த கிருமி, போடலாம். எந்த வாரம் என்று மட்டும் கீமோ டாக்டரிடம் கேள். உயிருள்ள கிருமி ஊசிகள் இப்போது வேண்டாம். காய்ச்சல் 38 தொட்டால் பனடோ (பாராசிட்டமால்) கொடுத்து விடியும்வரை காத்திருக்காதே, ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போ.