செற்அப் இடையில் முறிந்தால் ரியர்டவுன் இயங்காதா?

கேள்வி (திருநெல்வேலி, யாழ்ப்பாணம்):
அனைவருக்கும் வணக்கம். பனங்கட்டி, ஒடியல், புழுக்கொடியல் ஆகியவற்றின் கையிருப்பைக் கணக்கிடும் மென்பொருளொன்றை நண்பர்களாகச் சேர்ந்து பைதனில் எழுதி வருகிறோம். எங்கள் சோதனை நிரல்களில், ஒவ்வொரு சோதனைக்கும் முன் இயங்கும் செற்அப் (setUp) ஒரு தற்காலிகக் கோப்புறையை உருவாக்கி, அதற்குள் எஸ்கியூலைற் (SQLite) தரவுத்தளத்தைத் திறந்து, கடைசியாக ஒரு சிறிய சேவையகத்தைத் தொடக்குகிறது. இவை அனைத்தையும் மூடி அழிப்பது, சோதனைக்குப் பின் இயங்கும் ரியர்டவுனின் (tearDown) பொறுப்பு. ஆனால் சேவையகம் தொடங்கத் தவறும்போதெல்லாம் கோப்புறைகள் அழியாமல் குவிகின்றன. காரணம் என்ன?

மறுமொழி 1:
பைதனோடு வரும் சோதனைக் கருவியான யூனிற்ரெஸ்ற்றில் (unittest) செற்அப் பிழையின்றி முடிந்தால் மாத்திரமே ரியர்டவுன் அழைக்கப்படும். சோதனை தோற்றாலும் அது இயங்கும். செற்அப் பாதியில் முறிந்தால் இயங்காது. ஆகவே துப்புரவை வேறோர் இடத்தில் எழுதி வைக்காமல், ஒரு வளம் (கோப்புறை, தரவுத்தள இணைப்பு போன்றது) கைக்கு வந்த அடுத்த வரியிலேயே அட்கிளீன்அப் (addCleanup) என்ற அழைப்பின் மூலம் அதன் துப்புரவைப் பதிவு செய்யுங்கள். பைதன் 2.7, 3.1 பதிப்புகளிலிருந்தே இந்த வசதி உண்டு. செற்அப் எந்த வரியில் நின்றாலும் அதுவரை பதிவானவை யாவும், கடைசியாகப் பதிவானது முதலாவதாக, தலைகீழ் ஒழுங்கில் இயங்கும். அவற்றுள் ஒன்று பிழை எழுப்பினாலும் மற்றவை நிற்பதில்லை. ரியர்டவுனிலோ முதல் வரியில் பிழை எழுந்தால் மீதி வரிகள் அனைத்தும் கைவிடப்படும். இந்த வேறுபாட்டுக்காகவே நான் ரியர்டவுனை எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணா. தரவுத்தளத்தை மூடுவதை மட்டும் அவ்வாறு மாற்றிப் பார்த்தேன். லினக்ஸில் எல்லாம் சரியாக நடக்கிறது. நண்பரின் விண்டோஸ் கணினியில் கோப்புறையை அழிக்கும்போது அனுமதி மறுக்கப்படுகிறது.

மறுமொழி 2:
கோப்புறையை அழிக்கும் வரி இன்னும் ரியர்டவுனிலேயே இருக்கிறதல்லவா? பதிவு செய்த துப்புரவுகள் ரியர்டவுனுக்குப் பின்னரே இயங்குவதால், தரவுத்தளம் திறந்திருக்கும்போதே அழிப்பு நடக்கிறது. திறந்த கோப்பை அழிக்க லினக்ஸ் இடம் கொடுக்கும், விண்டோஸ் பொதுவாகக் கொடுக்காது. உங்கள் பிழையை லினக்ஸ் மறைத்திருக்கிறது. அழிக்கும் வரியையும் பதிவாக மாற்றிவிட்டால் ஒழுங்கு தானே சரியாகும். இன்னொன்றையும் கவனியுங்கள்: எஸ்கியூலைற் இணைப்பை ‘வித்’ (with) கூற்றுக்குள் வைத்தால் பரிமாற்றம் (ஒரு தொகுதி மாற்றங்களைச் சேமிப்பது அல்லது கைவிடுவது) மட்டுமே முடிவடையும், இணைப்பு மூடப்படாது. இணைப்பை மூடும் குளோஸ் (close) அழைப்பை நீங்களே பதிவு செய்ய வேண்டும்.

மறுமொழி 3:
பைரெஸ்ற் (pytest) என்ற மற்றொரு சோதனைக் கருவிக்கு மாறினாலும் இதே கவனம் தேவை. சோதனைக்கு வேண்டியதை ஆயத்தம் செய்யும் ஃபிக்ஸ்சரில் (fixture), ஆயத்தத்தையும் துப்புரவையும் பிரிக்கும் ஈல்டுக்கு (yield) முன் பிழை எழுந்தால் அதற்குப் பின்னுள்ள வரிகள் இயங்கமாட்டா. ஆகையால் ஒவ்வொரு வளத்துக்கும் தனி ஃபிக்ஸ்சர் எழுதுங்கள். மின்வெட்டினாலோ வலுக்கட்டாய நிறுத்தத்தினாலோ செயல்முறையே மடிந்தால் எந்தத் துப்புரவும் நடக்காது. வலுக்கட்டாய நிறுத்தத்தின் பின் பழைய சேவையகம் மூடப்படாமல் அதே போர்ட்டைப் (சேவையகத்தின் இணைப்பு வாயில்) பிடித்திருக்கக்கூடும் என்பதால், சேவையகத்துக்கு நிலையான போர்ட் எண் கொடுக்காமல் 0 கொடுத்து, காலியான போர்ட்டை இயங்குதளமே தெரிவு செய்ய விடுங்கள்.